அழுத்தாமல் தொட்டால் மணியடிக்கும் கம்பி

ஆசையாக வாங்கிய கிட்டார் பீரோ மேல் ஏறுவதில் ‘எஃப் கார்டு’ என்ற சுரக்கூட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆள்காட்டி விரலைப் படுக்கப்போட்டு ஆறு கம்பியையும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். நான்கு கம்பி பேசும், இரண்டு முனகும். ஏழு மாதம் அதோடு மல்லுக்கட்டிவிட்டு நானும் உறையில் போட்டு மேலே ஏற்றிவிட்டேன்.

அதைத் திரும்ப இறக்கவைத்தவர் ஒரு கல் வேலைக்காரர். கிருஷ்ணகிரி பழையபேட்டையில் எங்கள் வீட்டு வாசற்படிக்குக் கிரானைட் போட வந்திருந்தார். ஒவ்வொரு கல்லையும் நிமிர்த்திப் பிடித்து, சுத்தியால் லேசாக ஒரு தட்டு. டங். டங். நான்காவது கல் மட்டும் டொக்.

“இது வேணாம் தம்பி. உள்ள விரிசல் ஓடியிருக்கு.”

“எங்கண்ணா, ஒண்ணும் தெரியலையே?”

“கண்ணுக்குத் தெரியாது. காதுக்குத் தெரியும்.”

விரிசல் இருக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று உரசி அதிர்வைத் தின்றுவிடுகின்றன. அதனால்தான் ஒலி எழுந்த வேகத்தில் அடங்குகிறது. ஒரே தட்டில் கல்லின் வயிறு தெரிகிறது என்றால் கம்பிக்குள் என்னென்ன இருக்கும்? அன்று சாயங்காலம் கிட்டாரைத் தூசி தட்டினேன்.

கிட்டார் வைத்திருப்பவர்கள் இதைச் செய்து பார்க்கலாம். மேலிருந்து இரண்டாவதாக இருக்கும் ஐந்தாம் கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். சரியாக டியூன் செய்திருந்தால் அது விநாடிக்கு 110 முறை அதிரும். கிட்டாரின் கழுத்தில் குறுக்கே வரிசையாகப் பதித்திருக்கும் கோடுகள்தான் ஃப்ரெட்டுகள்; தலைப்பக்கத்திலிருந்து எண்ண வேண்டும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் உலோகக் கோட்டுக்கு நேர் மேலே, அழுத்தாமல், ஈ உட்காருகிற மாதிரி விரலை வையுங்கள். வலது கையால், கீழ்முனையில் கம்பியைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் மீட்டிவிட்டு, உடனே இடது விரலை எடுத்துவிடுங்கள். கோயில் மணி மாதிரி ஒரு ஒலி வரும். அது 220. ஏழாவது ஃப்ரெட்டில் தொட்டால் 330, ஐந்தாவதில் 440.

இந்த ஒலிகளை விரல் உண்டாக்கவில்லை. எல்லாம் கம்பிக்குள் ஏற்கெனவே இருந்தவை. பிள்ளைகள் கயிறு சுற்றும்போது கயிறு முழுசாக ஒரு வில்லாக வளையும். சுற்றும் வேகத்தைக் கூட்டினால், நடுவில் ஒரு புள்ளி அசையாமல் நிற்க, இரண்டு பக்கமும் இரண்டு வில்லாகப் பிரியும். கயிற்றுக்கு ஒரு நேரத்தில் ஒரு ஆட்டம்தான். கிட்டார் கம்பியோ ஒன்றாக, இரண்டாக, மூன்றாக, நான்காக எல்லா ஆட்டத்தையும் ஒரே நேரத்தில் ஆடுகிறது. சுமார் 65 செ.மீ. நீளக் கம்பியில் பன்னிரண்டாவது ஃப்ரெட் சரிபாதி. அங்கே விரல் பட்டால், நடுவில் அசைய வேண்டிய ஆட்டங்கள் அடங்கிப்போகும். நடுவில் அசையாதவை மட்டும் தப்பிக்கும்.

110ஐ ஷட்ஜமாக வைத்தால் 220 மேல் ஷட்ஜம், 330 அதற்கு மேலே பஞ்சமம், கம்பி ஐந்தாகப் பிரிந்து ஆடும்போது வரும் 550 அந்தர காந்தாரம். தம்பூராவில் யாரும் மீட்டாமலே ஒரு காந்தாரம் கேட்கிறது என்பார்களே, அது இந்த ஐந்தாவது ஆட்டம்தான்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை அடுத்தது. இந்த முறை கம்பியைப் பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலேயே மீட்டுங்கள். ஒலித்துக்கொண்டிருக்கும்போது அதே இடத்தில் லேசாகத் தொடுங்கள். மணி வராது, கம்பி ஏறக்குறைய ஊமையாகிவிடும். ஓர் ஆட்டத்துக்கு எந்தப் புள்ளி அசையாப் புள்ளியோ, அங்கே மீட்டினால் அந்த ஆட்டம் பிறக்கவே பிறக்காது. இங்கிலாந்துக்காரர் தாமஸ் யங் 1800ஆம் ஆண்டு சொன்ன விதி இது. பிரிட்ஜ் பக்கம் மீட்டினால் ஒலி கூர்மையாகவும், ஓட்டைக்கு மேலே மீட்டினால் உருண்டையாகவும் வருவதற்கும் இதுதான் காரணம். எந்தெந்த ஆட்டம் எவ்வளவு பலமாகப் பிறக்கிறது என்பதை மீட்டும் இடம் தீர்மானிக்கிறது.

இந்த விதிக்கு அடங்காத வாத்தியங்களும் உண்டு. அவை நம்மிடமே இருக்கின்றன. வீணையிலும் தம்பூராவிலும், வரக்கூடாத ஆட்டமும் பலமாக ஒலிக்கிறது என்று 1921இல் எழுதினார் சர் சி.வி. ராமன். கிட்டாரில் கம்பி மெல்லிய எலும்புத் துண்டின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. தம்பூராவில் கம்பியைத் தாங்கும் குதிரையோ அகலமானது, மேல்பக்கம் மெல்ல வளைந்தது. ஒவ்வொரு அதிர்விலும் கம்பி அந்த வளைவில் ஒட்டி ஒட்டிப் பிரிகிறது. அந்த உரசலில், இல்லாமல் போயிருக்க வேண்டிய ஆட்டங்களும் உயிர் பெறுகின்றன. குதிரைக்கும் கம்பிக்கும் நடுவே செருகும் நூலுக்கு ‘ஜீவா’ என்று பெயர் வைத்தவர் யாரோ, சும்மா வைக்கவில்லை.

இந்த மணிகளை வைத்தே டியூனும் செய்யலாம். ஆறாம் கம்பியை ஐந்தாவது ஃப்ரெட்டிலும், ஐந்தாம் கம்பியை ஏழாவதிலும் தொட்டு, இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிடுங்கள். சுருதி விலகியிருந்தால் ‘வாவ் வாவ் வாவ்’ என்று ஓர் அலை கேட்கும். சாவியைத் திருகத் திருக அலை மெதுவாகும். ஆனால் அதை முழுசாக நிறுத்திவிட்டால் செல்போன் டியூனரின் கணக்கோடு இம்மியளவு ஒத்துப்போகாது. ஃப்ரெட்டுகளின் கணக்குப்படி ஆறாம் கம்பியின் அதிர்வு 82.407. அதன் நான்கு மடங்கு 329.63, ஐந்தாம் கம்பியின் மூன்று மடங்கு 330. ஏறக்குறைய மூன்று விநாடிக்கு ஓர் அலை மிச்சம் இருந்தால்தான் டியூனர் கணக்குக்குச் சரி. நான் காது பக்கம்தான். சித்திரை வெயிலில் எங்கள் மாடி ஷீட்டுக்குக் கீழே இரும்புக் கம்பி தளர்ந்து எப்படியும் சுருதி இறங்கத்தான் போகிறது, பிறகென்ன.

படி வேலை முடியும் நாளில் அந்தக் கல்காரர் சத்தம் கேட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். “அது எந்தக் கம்பி தம்பி, மணி மாதிரி?” காட்டினேன். காய்ப்பு ஏறிய விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு பன்னிரண்டாவது கோட்டில் வைத்தார். முதல் தடவையே கணீரென்று வந்தது. எனக்கு இரண்டு நாள் பிடித்தது.