தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஒரு சீறல்

வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே பழைய சாமான் போட்டுவைக்கும் சின்ன அறை. பத்து நாளாக ராத்திரியானால் உள்ளே ‘ஸ்ஸ்ஸ்’ என்று சீறல். பாம்புதான் என்று ஆள் கூட்டிவந்து கதவைத் திறந்தால், மூலையில் வெள்ளை மூஞ்சியோடு நான்கு குஞ்சுகள், கொலுப்படி மாதிரி ஒன்றைவிட ஒன்று சின்னதாக. “சாவுக்குருவி, இன்றைக்கே விரட்டு” என்கிறார் மாமியார். சாம்பிராணி போட்டுப் புகை மூட்டச் சொல்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். என்ன செய்வது?

ஒன்றும் செய்ய வேண்டாம். இரண்டு மாதம் பொறுங்கள், பறந்துவிடும். அது கூகை, ஆந்தையில் ஒரு வகை. காம்பு மேலே இருக்கும்படி பிடித்த சோழவந்தான் வெற்றிலை மாதிரி முகம் இருந்தால் சந்தேகமே வேண்டாம். தாய்ப்பறவை முதல் முட்டை இட்டதுமே அடைகாக்க உட்கார்ந்துவிடும். அடுத்தடுத்த முட்டைகள் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் வருவதால் குஞ்சுகளும் அண்ணன் தம்பி வரிசையில் பொரிக்கின்றன. அந்தச் சீறல் பசிக்குப் போடும் கூச்சல். ஆள் கிட்டே வந்தால் மிரட்டுவதற்கும் அதே சத்தம்தான்.

உங்கள் ஊரில் கூகை இருப்பதில் ஆச்சரியமில்லை. பெரியாறு பாசனத்தில் பேரணை முதல் கள்ளந்திரி வரை இருபோக நிலம். நெல் இருக்கும் இடத்தில் எலி, எலி இருக்கும் இடத்தில் கூகை. அதற்கு மரப்பொந்தோ, பாழடைந்த கட்டடமோ, யாரும் திறக்காத மாடி அறையோ போதும்.

இருட்டில் அது எப்படி எலியைப் பிடிக்கிறது? கண் கூர்மை என்று பள்ளியில் படித்திருப்போம். கூர்மைதான். ஆனால் விஷயம் கண்ணில் இல்லை. 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ரோஜர் பெய்ன் என்பவர் (பின்னாளில் திமிங்கிலங்களின் பாட்டை ஆராய்ந்து உலகப்புகழ் பெற்றவர்) ஓர் அறையைத் துளி வெளிச்சமில்லாமல் இருட்டாக்கி, தரையில் சருகைப் பரப்பி, கூகையையும் எலியையும் உள்ளே விட்டார். சருகு சலசலத்தது, கூகை பாய்ந்தது, எலி போயிற்று. சரி, வாசனையாக இருக்குமோ, உடல் சூடாக இருக்குமோ? நூலில் கட்டிய காகித உருண்டையைச் சருகின் மேல் இழுத்தார். கூகை காகிதத்தின் மேல் பாய்ந்தது. ஒரு காதைப் பஞ்சால் அடைத்துவிட்டால் குறி தப்பியது. ஆக, எல்லாம் காது.

இங்கேதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது, கொஞ்சம் நின்று பார்ப்போம். கண்ணுக்குள் விழித்திரையில் வெளியுலகத்தின் படமே விழுகிறது; இடது பக்கப் பொருள் ஓரிடத்தில், வலது பக்கப் பொருள் வேறிடத்தில். காதுக்கு அந்த வசதி கிடையாது. செவிப்பறை அதிர்கிறது, அவ்வளவுதான். சத்தம் எந்தத் திசை என்று அந்த அதிர்வில் எழுதியிருக்காது. திசையை மூளை கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கணக்குக்கு முதல் தடயம் நேரம். வலப்பக்கம் எலி ஓடினால் சத்தம் வலக்காதை முதலில் தொடும், இடக்காதைச் சற்றுப் பின்னால். கூகையின் தலை சின்னது. இந்த வித்தியாசம் மிஞ்சிப்போனால் ஒரு வினாடியை 5000 பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் வரும், அதாவது சுமார் 200 மைக்ரோ வினாடி. அதற்குள்ளேயே 10 மைக்ரோ வினாடி கூடினாலும் குறைந்தாலும் கூகைக்குத் தெரிந்துவிடுகிறது. நரம்பு செல்லின் ஒரு துடிப்பே ஏறத்தாழ 1000 மைக்ரோ வினாடி நீடிக்கும். நிமிட முள் மட்டும் உள்ள கடிகாரத்தை வைத்து வினாடியை அளப்பது போன்ற வேலை இது.

எப்படி? தெற்கு மாசி வீதியை நினைத்துக்கொள்ளுங்கள், கடை கண்ணி, கூட்டம் எதுவும் இல்லாத அதிகாலையில். கீழமாசி வீதி முனையிலிருந்து ஒரு பையன், மேலமாசி வீதி முனையிலிருந்து ஒரு பையன், இரண்டு பேரும் ஒரே வேகத்தில் எதிரெதிரே நடக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு தாத்தா. தன் வாசலில் இருவரும் ஒரே சமயத்தில் வந்து நின்றால் மட்டும்தான் அவர் குரல் கொடுப்பார். ஒருவன் மட்டும் கடந்துபோனால் வாய் திறக்க மாட்டார். பையன்கள் ஒரே நேரத்தில் புறப்பட்டால் நடுவீட்டுத் தாத்தா கத்துவார். கிழக்குப் பையன் முந்திக்கொண்டால் சந்திப்பு மேற்கே தள்ளிப்போகும், வேறொரு தாத்தா கத்துவார். யார் கத்தினார் என்று தெரிந்தால் எவன் எவ்வளவு முந்தினான் என்பதும் தெரிந்துவிடும். கையில் கடிகாரமே வேண்டாம். நேரம் இடமாக மாறிவிட்டது!

இப்படி ஓர் ஏற்பாடு இருக்கலாம் என்று 1948-ல் லாயிட் ஜெஃப்ரஸ் என்ற உளவியலாளர் தாளில் வரைந்து காட்டினார். அப்போது அது வெறும் ஊகம். ஜப்பானில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மசகாசு கொனிஷியும் எரிக் நட்சனும் 1978-ல் கூகையின் நடுமூளையில் ஒலிவெளியின் வரைபடத்தையே கண்டார்கள். ஒவ்வொரு செல்லும் ஒரு குறிப்பிட்ட திசையிலிருந்து வரும் சத்தத்துக்கு மட்டும் துடித்தது. பிறகு கொனிஷியும் கேத்தரின் காரும் மூளைத்தண்டில் அந்த வீதியையே கண்டுபிடித்தார்கள். இரண்டு காதிலிருந்தும் வரும் நரம்பிழைகள் எதிரெதிர்ப் பக்கமிருந்து நுழைகின்றன, நடுவில் வரிசையாகச் செல்கள், இரண்டு துடிப்பும் சேர்ந்து வந்தால்தான் அவை பலமாகத் துடிக்கின்றன. இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பாலூட்டிகளின் மூளையில் ஏற்பாடு வேறு மாதிரி என்று இப்போது வாதிடுகிறார்கள். அந்த ஆராய்ச்சிக்கு அதிகம் பயன்பட்ட பிராணி நம் வெள்ளெலியின் உறவுக்காரன். கூகைக்கு இரையாகும் சாதி.

இடம் வலம் தெரிந்தது. மேல் கீழ்? கண்ணை மூடி உட்கார்ந்துகொண்டு, உங்கள் மூக்குக்கு நேரே வெவ்வேறு உயரத்தில் சாவிக்கொத்தை ஆட்டச் சொல்லுங்கள். உயரம் சொல்வதில் தடுமாறுவீர்கள், நம் இரண்டு காதும் ஒரே மட்டத்தில் இருப்பதால். கூகைக்கு முக இறகை விலக்கிப் பார்த்தால் இடக்காதுத் துளை மேலே, வலக்காதுத் துளை கீழே. இடக்காது கீழிருந்து வரும் சத்தத்தையும் வலக்காது மேலிருந்து வருவதையும் பலமாகக் கேட்கும். ஆக, சத்தத்தின் பலத்தில் உள்ள வேறுபாடு உயரத்தைச் சொல்லிவிடும். அந்த வெற்றிலை முகம் டிஷ் ஆன்டெனா மாதிரி ஒலியைக் குவித்துக் கொடுக்கிறது. சிறகின் முன்விளிம்பில் சீப்புப் பல், மேலே வெல்வெட் மாதிரிப் பூம்பரப்பு. பறக்கும் சத்தம் எலிக்கும் கேட்காது, கூகையின் சொந்தக் காதையும் கெடுக்காது.

இனி மாமியார். நோயாளி இருக்கும் வீட்டில் ராத்திரி முழுக்க ஒருவராவது விழித்திருப்பார். விழித்திருப்பவருக்குத்தான் கூகையின் அலறல் கேட்கும். மற்ற நாளில் கத்தியது யாருக்கும் ஞாபகம் இருக்காது. அவரிடம் சொல்லிப் பாருங்கள், வங்காளத்தில் வெள்ளை ஆந்தை லட்சுமியின் வாகனம், வீட்டுக்கு வந்தால் செல்வம் வந்தது என்பார்கள். ஒரு மூடநம்பிக்கைக்கு எதிராக இன்னொன்றைத் தூக்குவது அறிவியல்காரனுக்கு அழகில்லைதான், ஆனால் அவசரத்துக்கு உதவும். சட்டமும் உங்கள் பக்கம்: 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கூகையைக் கொல்வதும் பிடித்து வைத்துக்கொள்வதும் குற்றம்.

எலி மருந்து மட்டும் வைக்காதீர்கள். புரோமடியோலோன் போன்ற மருந்து தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் திரியும். தள்ளாடும் எலி சுலபமாகச் சிக்கும், விஷம் கூகையின் ஈரலில் போய்ச் சேரும். குஞ்சுகள் போன பிறகு, உள்ளே எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு வழியைக் கம்பிவலையால் அடையுங்கள். எச்சத்தைக் காய்ந்தபடி கூட்டாமல் தண்ணீர் தெளித்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு அள்ளுங்கள். நானாக இருந்தால் அடைக்க மாட்டேன்.

இன்னொன்று. தரையில் கறுப்பாகக் கட்டைவிரல் பருமனில் உருண்டைகள் கிடக்கும். புழுக்கை இல்லை, எலியை முழுசாக விழுங்கிவிட்டு, செரிக்காத ரோமத்தையும் எலும்பையும் கூகை கக்கியது. ஆந்தைக் காதை ஆராயப் பணம் கொடுங்கள் என்று நம் ஊரில் கேட்டால் சிரிப்பார்கள் என்று எனக்கு ஆதங்கம் உண்டு. இந்த உருண்டை ஆராய்ச்சிக்குப் பணமும் வேண்டாம். ஒரு கையுறை, ஒரு கிண்ணம் வெந்நீர், ஓர் இடுக்கி. உருண்டையை ஊறவைத்துப் பிரித்தால் மண்டையோடுகள் தனியே வரும். வயல் எலி எத்தனை, சுண்டெலி எத்தனை, மூஞ்சூறு எத்தனை என்று எண்ணி எனக்கு எழுதுங்கள்.