ஓட்டையே இல்லாத கையுறைக்குள் ரசாயனம் எப்படி நுழைகிறது?

அபாயகரமான கழிவுகளைக் கையாளும் வேலையில் இருக்கும் வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்: “நான் இந்த வேலைக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இருந்தாலும் வருடா வருடம் பாதுகாப்புப் புத்தாக்கப் பயிற்சிக்கு உட்கார வைக்கிறார்கள். அதே படம், அதே பேச்சு. புதிதாக வந்த பையனுக்கு இது தேவைதான். எனக்கு எதற்கு? ஆன்லைனில் பார்த்து முடித்துவிட்டால் போதாதா?”

சலிப்பில் கேட்டதுதான், ஆனால் நியாயமான கேள்வி. அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு விதி இருக்கிறது. அபாயக் கழிவுத் தளங்களில் முழுநேரமாக வேலை செய்பவர் தொடக்கத்தில் 40 மணி நேரப் பயிற்சியும், மேற்பார்வையாளரின் கண் முன்னால் 3 நாள் களப்பணியும் முடிக்க வேண்டும். அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் 8 மணி நேரப் புத்தாக்கப் பயிற்சி. இருபது வருடம் வேலை பார்த்தவருக்கு இதில் விலக்கு கிடையாது. அதிகாரிகளுக்கு வேறு வேலை இல்லாமல் போட்ட விதி என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த வேலையின் ஆபத்துகள் பல, அனுபவத்தால் கற்றுக்கொள்ள முடியாத வகையைச் சேர்ந்தவை.

அனுபவம் நமக்கு எப்படிப் பாடம் நடத்துகிறது என்று பாருங்கள். கத்தி விரலைக் கீறினால் அந்த நொடியே வலிக்கிறது. செய்த தவறும் கிடைத்த தண்டனையும் அடுத்தடுத்து வருவதால் மூளை இரண்டையும் முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்கிறது. தவறு செய்தும் உடனே ஒன்றுமே நடக்கவில்லை என்றால்? “இப்படிச் செய்தாலும் பரவாயில்லை” என்பதைத்தான் மூளை பாடமாக எடுத்துக்கொள்ளும். அதே தவறை இருபது வருடம் செய்தவருக்கு அந்தப் பாடம் கல்வெட்டாகிவிடும்.

இதில் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. சல்ஃபைடு கலந்த கழிவில் அமிலம் பட்டால் கிளம்பும் அழுகிய முட்டை நாற்ற வாயு. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே மூக்கு கண்டுபிடித்துவிடும். ஆனால் பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவை எட்டினால், சில நிமிடங்களிலேயே மோப்ப உணர்வு செத்துவிடுகிறது. நாற்றம் போய்விட்டது, வாயு கலைந்துவிட்டது என்று அங்கே இருப்பவர் நினைப்பார். உண்மையில் வாயு கூடியிருக்கும். 500ஐத் தாண்டினால் சில நிமிடங்களில் மயங்கி விழுவார். மூக்கை நம்பாதே, கருவியை நம்பு என்று வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். இது பலமுறை எழுதப்பட்ட விஷயம், இத்தோடு விடுகிறேன்.

எனக்குப் பிடித்த விஷயம் கையுறை.

கையுறையில் ஓட்டை இல்லை, கிழிசல் இல்லை, தண்ணீர் ஊற்றினால் ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. அப்படியானால் ரசாயனம் உள்ளே வராது என்றுதான் யாரும் நினைப்போம். கண்ணுக்குத் தெரியும் அளவில் அது சரி. மூலக்கூறுகளின் அளவில் அப்படி இல்லை. ரப்பரோ, நைட்ரில் என்ற செயற்கை ரப்பரோ, எந்தக் கையுறையும் நீண்ட பாலிமர் சங்கிலிகளால், அதாவது சங்கிலி போலக் கோத்த நீளமான மூலக்கூறுகளால் ஆனது. சிக்கு விழுந்த நூல்கண்டைப் போல அவை ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. சும்மா கிடப்பதும் இல்லை. அறை வெப்பநிலையிலேயே ஒவ்வொரு சங்கிலியும் ஓயாமல் நெளிந்துகொண்டிருக்கிறது. அந்த நெளிவில் இரண்டு சங்கிலிகளுக்கு நடுவே ஒரு நொடியின் மிகச் சிறிய பகுதிக்கு ஒரு இடைவெளி திறக்கும், மூடும், வேறொரு இடத்தில் இன்னொன்று திறக்கும். நிரந்தரமான துளை என்று எதுவுமே கிடையாது. அதனால்தான் தண்ணீர் ஊற்றிப் பார்க்கும் சோதனையில் எதுவும் தெரிவதில்லை.

கையுறையின் மேல் ஒரு சொட்டுக் கரைப்பான் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் மூலக்கூறுகளில் சில கையுறையின் மேற்பரப்பிலேயே கரைகின்றன. சர்க்கரை தண்ணீரில் கரைவது தெரியும். திரவம் ஒன்று திடப்பொருளுக்குள் கரைவது நமக்குப் பழக்கமில்லாத காட்சி, ஆனால் நடக்கிறது. கரைந்த மூலக்கூறு, பக்கத்தில் இடைவெளி திறக்கும்போது அதற்குள் தாவுகிறது. அடுத்த தாவல் முன்னாலும் இருக்கலாம், பின்னாலும் இருக்கலாம், பக்கவாட்டிலும் இருக்கலாம். அதற்கு எந்தத் திசையும் தெரியாது, கையை நோக்கிப் போக வேண்டும் என்ற நோக்கமும் இல்லை. ஆனாலும் வெளிப்பக்கம் கோடானுகோடி மூலக்கூறுகள், உள்பக்கம் ஒன்றுமே இல்லை என்ற நிலையில், இலக்கில்லாத இந்தத் தாவல்களின் மொத்தக் கணக்கு உள்நோக்கிய ஓட்டமாகத்தான் முடியும். கடைசியில் உள்பரப்பை எட்டியவை அங்கிருந்து வெளியேறித் தோலில் இறங்குகின்றன. இதை ஊடுருவல் என்கிறோம். கையுறை அப்போதும் புதிது போலவே இருக்கும்.

திசை தெரியாமல் அலைபவர் நேராக நடப்பவரைப் போலத் தூரத்தைக் கடப்பதில்லை. இரண்டு மடங்கு தூரம் போக அவருக்கு நான்கு மடங்கு நேரம் ஆகும். கையுறையிலும் இதே கணக்குதான். தடிமன் இரட்டித்தால் முதல் மூலக்கூறுகள் கையை எட்டும் நேரம் நான்கு மடங்காகும். தடிமன் நான்கு மடங்கானால் நேரம் பதினாறு மடங்கு. 0.1 மி.மீ. தடிமனுள்ள, ஒருமுறை போட்டுத் தூக்கிப்போடும் கையுறைக்கும், 0.4 மி.மீ. உள்ள கனமான கையுறைக்கும் வித்தியாசம் ‘கொஞ்சம்’ அல்ல. கையை மடக்கும்போது விரல் முட்டிகளில் கையுறை இழுபட்டு மெலிகிறது. முந்திக்கொள்ளும் இடம் பெரும்பாலும் அதுவே. போதாக்குறைக்கு உடல் சூடு. சூடு கூடினால் சங்கிலிகள் இன்னும் வேகமாக நெளியும், இடைவெளிகள் அடிக்கடி திறக்கும்.

எல்லா ரசாயனமும் எல்லாக் கையுறையிலும் ஒரே மாதிரி கரைவதில்லை. தன்மையில் ஒத்தவை ஒன்றில் ஒன்று கரையும் என்று பள்ளியில் படித்த விதிதான் இங்கேயும் செல்லும். நைட்ரில் கையுறை எண்ணெய்களையும் பெட்ரோல் வகைகளையும் நன்றாகத் தாங்கும், அசிட்டோனிடம் சீக்கிரமே தோற்றுவிடும். பியூட்டைல் ரப்பர் இதற்கு நேர் எதிர்: அசிட்டோனைத் தாங்கும், பெட்ரோலில் ஊறி வீங்கும். எல்லாவற்றுக்கும் ஒரே கையுறை என்று ஒன்று கிடையாது.

இன்னொரு விஷயம். ஐரோப்பியத் தர விதிகளின்படி கையுறைகளுக்கு ‘ஊடுருவல் நேரம்’ அளந்து தருகிறார்கள். 10 நிமிடத்தில் தொடங்கி 480 நிமிடம் வரை ஆறு படிநிலைகள். 480 நிமிடம் என்றால் எட்டு மணி நேரம் ஒன்றுமே நுழையாது என்று அர்த்தமில்லை. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு 1 மைக்ரோகிராம் என்ற வேகத்தை எட்டும்வரை ஊடுருவியதாகக் கணக்கில் எடுப்பதில்லை, அவ்வளவுதான். ஒரு கையின் பரப்பைச் சுமாராக 400 சதுர சென்டிமீட்டர் என்று வைத்தால், கையுறை முழுக்க நனைந்திருக்கும்போது அந்த எல்லையில் நிமிடத்துக்கு 0.4 மில்லிகிராம் உள்ளே வருகிறது. ஒரு மணி நேரத்துக்கு 24 மில்லிகிராம். பல ரசாயனங்களுக்கு இது பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு. சிலவற்றுக்கு அப்படியல்ல. அத்தோடு இந்தச் சோதனை 23 டிகிரியில், கையுறைத் துண்டை இழுக்காமல் செய்யப்படுவது. வேலை செய்யும் கை அப்படியா இருக்கிறது?

இப்போது இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பயிற்சியில் ஒரு வரியில் கடந்துபோகும் பகுதியும்கூட. சாயங்காலம் வேலை முடிந்ததும் கையுறையைச் சோப்புப் போட்டுக் கழுவி, காயவைத்து, மறுநாள் மாட்டிக்கொள்கிறார் ஒருவர். சுத்தமானவர், சிக்கனமானவர். ஆனால் சோப்பு கழுவியது மேற்பரப்பை மட்டும்தான். கையுறையின் உடம்புக்குள் பாதி வழியில் இருக்கும் மூலக்கூறுகளைச் சோப்பு தொடவே இல்லை. அவை ராத்திரி முழுக்கத் தாவிக்கொண்டே இருக்கின்றன. பாதி வெளிப்பக்கம் போய் ஆவியாகலாம், மீதி உள்பக்கம் வந்து சேரும். முந்தின நாள் வேலை நேரத்தில் ஒரு மூலக்கூறைக்கூட உள்ளே விடாத கையுறை, மறுநாள் காலையில் மாட்டும்போதே உள்பக்கம் ரசாயனத்தோடு காத்திருக்கலாம். அதற்குள் போகும் கை கொஞ்ச நேரத்தில் வியர்க்கும். ஈரத்தில் ஊறிய தோல், காய்ந்த தோலைவிட எளிதாக வழிவிடும். வியர்த்த கையோடு மாசும் சேர்ந்து மூடப்பட்டுக் கிடப்பது, சில நேரம் கையுறையே போடாததைவிட மோசம்.

அனுபவசாலிக்கு இதெல்லாம் நடக்காது என்று சொல்பவர்கள் கேரன் வெட்டர்ஹானைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். நச்சு உலோகங்கள் உடலில் என்ன செய்கின்றன என்பதே அவருடைய ஆராய்ச்சி. 1996 ஆகஸ்ட்டில் டைமெத்தில் மெர்குரி என்ற பாதரசச் சேர்மத்தைக் கையாளும்போது சில சொட்டுகள் அவருடைய லேடெக்ஸ் கையுறை மீது விழுந்தன. அன்றைய நடைமுறைப்படி எல்லாமே சரியாகத்தான் செய்திருந்தார். வலி இல்லை, எரிச்சல் இல்லை, தோலில் ஒரு தடம்கூட இல்லை. ஏறக்குறைய ஐந்து மாதம் கழித்து, 1997 ஜனவரியில், நடை தடுமாறியது, பேச்சு குழறியது. ஜூன் மாதம் இறந்தார், வயது 48. பிறகு சோதித்துப் பார்த்தபோது அந்தச் சேர்மம் அவர் அணிந்திருந்த வகைக் கையுறையை 15 நொடிக்குள் கடந்துவிடுவது தெரிந்தது. பல அடுக்குப் பிளாஸ்டிக் படலத்தால் ஆன கையுறையை உள்ளேயும், கனமான இன்னொன்றை அதன் மேலேயும் போட வேண்டும் என்ற பரிந்துரை இந்த மரணத்துக்குப் பிறகு வந்தது. தன் துறையின் நிபுணருக்கே கை எச்சரிக்கை தரவில்லை. நமக்கு எப்படித் தரும்?

அதனால்தான், “எனக்குப் பழகிப்போச்சு, என் உடம்பு தாங்கும்” என்று யாராவது சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. சில பட்டறைகளில் வேலை முடிந்ததும் பால் குடித்தால் விஷம் முறிந்துவிடும் என்று நம்புகிறார்கள். பால் சத்துள்ள பானம், தாராளமாகக் குடிக்கலாம். தோல் வழியாக ரத்தத்தில் கலந்த கரைப்பானை அது ஒன்றும் செய்யாது. இந்த நம்பிக்கைகளுக்கு ஆயுள் கெட்டி. ஏனென்றால் இவற்றைப் பொய்யாக்கும் நோய் பல வருடம் கழித்து வருகிறது. அப்போது யாரும் பாலைக் குறை சொல்வதில்லை.

ஆராய்ச்சியிலும் ஒரு குறை இருக்கிறது. கையுறைகளின் ஊடுருவல் அட்டவணைகளைப் புரட்டினால் பெரும்பாலும் ஒற்றைத் தூய ரசாயனங்களுக்கான எண்களே இருக்கும். கழிவு டிரம்மில் தூய ரசாயனம் எங்கே இருக்கிறது? ஐந்தாறு கரைப்பான், கொஞ்சம் தண்ணீர், அடியில் பெயர் தெரியாத வண்டல். கலவையில் ஒரு கரைப்பான் சங்கிலிகளை விலக்கி வீங்கச் செய்தால், தனியாக வந்திருந்தால் நுழைய முடியாத இன்னொன்று அந்த வழியில் கூடவே உள்ளே போய்விடும். அதனால் தனித்தனி எண்களை வைத்துக் கலவையைக் கணிக்க முடியாது. புதுப் பொருள் செய்யும் ஆய்வுக்குப் பணம் கொட்டுகிறது. டிரம்மைத் திறப்பவரின் கையுறையைக் கலவைகளோடு சோதிக்கும் ஆய்வு யாருக்கும் கவர்ச்சியாகத் தெரிவதில்லை. என்னைக் கேட்டால் பொதுப் பணம் முதலில் போக வேண்டிய இடங்களில் இதுவும் ஒன்று.

சரி, வகுப்புக்கு வருவோம். மறதி பற்றி ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885லேயே அளந்து சொல்லிவிட்டார். பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து பார்த்தார். ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் போய்விட்டது. இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் அதிக நாள் நிற்கும் என்பதும் அவர் கண்டதுதான். வேலையோடு ஒட்டிய விஷயம் இவ்வளவு வேகமாக மறக்காது. ஆனால் தினமும் கையாளாதவை மங்கத்தான் செய்யும். டிரம்மை நகர்த்துவது தினசரி வேலை, அது மறக்காது. சிந்திவிட்டால் என்ன செய்வது, எந்த எல்லையில் கையுறையை மாற்றுவது, மயங்கிக் கிடப்பவரை நோக்கி ஏன் உடனே ஓடக் கூடாது என்பதெல்லாம் அபூர்வமாகத் தேவைப்படுபவை. ஆகவே முதலில் அழிபவையும் அவைதான். இந்தக் கணக்கில் பார்த்தால், வருடத்துக்கு ஒரு நாள் எட்டு மணி நேரம் தொடர்ந்து படம் காட்டுவது மோசமான வடிவம். வாசகரின் சலிப்பில் பாதி இதனால் வந்தது என்று நினைக்கிறேன். அதே எட்டு மணி நேரத்தை வருடம் முழுக்கத் துண்டு துண்டாகப் பிரித்துத் தரலாம். அமெரிக்க விதியும் அதைத் தடுக்கவில்லை.

ஆன்லைன் போதுமா என்றால், இந்தக் கட்டுரையில் உள்ள எதையும் ஆன்லைனில் சொல்லிவிடலாம். கையுறையைக் கழற்றுவதை மட்டும் அப்படிச் சொல்லித்தர முடியாது. பயிற்சியாளர் கையுறையின் மேல் புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயத்தைத் தடவிவிட்டு, கழற்றச் சொல்வார். கழற்றிய பிறகு விளக்கை அணைத்துப் புற ஊதா விளக்கைக் காட்டினால் மணிக்கட்டு, சட்டைக் கை, சிலருக்குக் கன்னம் என்று ஒளிரும். வருடக்கணக்காக உடனடி விடை கிடைக்காமல் இருந்த ஒரு கேள்விக்கு அங்கே ஒரு நிமிடத்தில் விடை கிடைக்கிறது. உங்கள் பயிற்சியில் இந்தச் சோதனை இல்லை என்றால், அடுத்த முறை சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். செலவு கொஞ்சம் சாயமும் ஒரு விளக்கும்தான்.