கை வர்க்கச் சோதனை: இது எந்தக் கை?

ரெண்டு விஷயத்துக்கும் சம்பந்தம் இருக்கான்னு எண்ணிக்கையை வெச்சுப் பாக்கறதுக்கு chi-square-னு ஒரு புள்ளியியல் சோதனை இருக்கு. சர்வே பேப்பரை எடுத்துக்கிட்டு வர்ற காலேஜ் பிள்ளைங்கள்ல சில பேரு அதை சி ஸ்கொயர்ங்கறாங்க, சில பேரு சை ஸ்கொயர்ங்கறாங்க. ரெண்டும் இல்லங்க, கை ஸ்கொயர். கிரேக்கத்துல 22-வது எழுத்து அது, எக்ஸ் மாதிரி வளைஞ்சு நிக்கும், இங்கிலீஷ்காரங்க அதைக் கைனு படிக்கறாங்க. 1900-ல இங்கிலாந்துப் புள்ளியியல் அறிஞர் கார்ல் பியர்சன் இந்தச் சோதனையைக் கொண்டாந்தப்ப அந்த எழுத்துக்குத் தலையில ரெண்டு போட்டுக் குறியா வெச்சாரு. தமிழ்ல அது கை வர்க்கம் ஆயிடுச்சு. அந்தக் கை நம்ம கை இல்ல, வர்க்கமும் தொழிலாளர் வர்க்கம் இல்ல, பள்ளிக்கூடத்துல வர்க்கமூலம்னு படிச்சோமே அந்த வர்க்கம்.

எங்க தருமபுரிப் பக்கம் போர் தண்ணியில ஃப்ளோரைடு ஜாஸ்தி, பல்லுல பழுப்புக் கறை விழும், அதுக்குத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்துச்சு. அதை வெச்சே ஒரு கற்பனைக் கணக்கு பாருங்க. 100 பேரைக் கேக்கறோம், 40 பேரு போர் தண்ணி, 60 பேரு ஒகேனக்கல் தண்ணி, மொத்தம் 30 பேருக்குக் கறை. தண்ணிக்கும் கறைக்கும் சம்பந்தமே இல்லேன்னா போர் தண்ணி குடிக்கறவங்கள்ல 12 பேருக்குத்தான் கறை இருக்கணும் (40-ஐ 30-ஆல பெருக்கி 100-ஆல வகுத்தது), ஆனா எண்ணிப் பாத்தா 20. வித்தியாசம் 8, அதை வர்க்கமாக்கி 12-ஆல வகுத்தா 5.33, இப்படியே நாலு கட்டத்துக்கும் (போர், ஒகேனக்கல் ரெண்டுலயும் கறை உள்ளவங்க, இல்லாதவங்க) போட்டுக் கூட்டினா 12.7 வருது. ரெண்டுக்கு ரெண்டு அட்டவணைக்கு 5 சதவீத மட்டத்துல எல்லை 3.84, அதாவது சம்பந்தமே இல்லேன்னா தற்செயலா இதைத் தாண்டறதுக்கு 5 சதவீதம்தான் வாய்ப்பு. தாண்டிடுச்சு, அப்ப சம்பந்தம் இருக்கு. தண்ணிதான் காரணம்னு மட்டும் இதை வெச்சு எழுதிடாதீங்க, வயசு, எத்தனை வருஷமா அங்க குடியிருக்காங்கன்னு எவ்வளவோ இருக்கு.

நல்ல தமிழ்ல சொல்லணும்னா எனக்குப் பிடிச்சது சார்பின்மைச் சோதனை, என்ன பாக்கறோம்கறது பேர்லயே தெரியுது. ஆனா இதே கை வர்க்கத்தை வெச்சுப் எண்ணிக்கை நாம எதிர்பார்த்த விகிதத்துக்கு ஒத்துவருதான்னு பொருத்தம் பாக்கற சோதனையும் ஒண்ணு இருக்கறதால அட்டவணைக்குக் கீழ கை வர்க்கம்னே போட்டுடுங்க. வர்க்கத்தை இருபடின்னு மாத்தறது எனக்கு ஒட்டல.

எல்லாத்துக்கும் இதையே போடாதீங்க. எதிர்பார்க்கற எண்ணிக்கை (மேல 12 வந்துச்சே, அது) 5-க்குக் கீழ போனா ஃபிஷர் சோதனை. அதே வீட்டுக்காரங்களை ஒகேனக்கல் தண்ணி வர்றதுக்கு முன்னாடியும் அப்புறமும் ஆமா இல்லன்னு கேட்டிருந்தா மெக்நெமர் சோதனை. நல்லாருக்கு, பரவால்ல, மோசம்னு பதில்ல வரிசை இருந்தா கை வர்க்கம் அந்த வரிசையைக் கண்டுக்காது, அதுக்கு மான்-விட்னி மாதிரி, பதில்களை வரிசைப்படுத்தி ரெண்டு கூட்டத்தை ஒப்பிடற தரவரிசைச் சோதனைக்குப் போகணும்.