பள்ளி மேலாண்மைக் குழு: ஒப்பு (கையெழுத்து) போடும் முன் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

பிள்ளை படிக்கிற பள்ளிக்கு ஏதாவது செய்யலாம் என்று போனால் முதலில் நீட்டப்படுவது நன்கொடை ரசீது. ஒரு பீரோ, இரண்டு மின்விசிறி, ஆண்டுவிழா மேடைச் செலவு. கொடுக்க மனமிருந்தால் கொடுங்கள். ஆனால் பள்ளியில் என்ன நடக்கிறது என்று கேட்கும் இடத்தில் பெற்றோரைச் சட்டமே உட்கார வைத்திருக்கிறது. அதை மட்டும் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி அமைவது பள்ளி மேலாண்மைக் குழு. உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர் அல்லது பாதுகாவலர். பாதிப் பேர் பெண்கள். பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது, மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது, வந்த மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது அதன் வேலை. தமிழ்நாட்டில் 2022இல் எல்லா அரசுப் பள்ளிகளிலும் குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. 2024இல் 24 பேர் கொண்டதாக மாற்றி, முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள். தலைவராக இருப்பவர் ஒரு தாய். பின்னணி இவ்வளவு போதும்.

குமரி மாவட்டத்தில் பலர் சறுக்குவது முதல் படியிலேயே. உங்கள் பிள்ளையின் பள்ளி எந்த வகை என்று முதலில் பாருங்கள். கிறிஸ்தவ சபைகளும் சமுதாய அமைப்புகளும் நடத்துகிற அரசு உதவி பெறும் பள்ளிகள் இங்கே ஏராளம். ஆசிரியருக்குச் சம்பளம் அரசு கொடுப்பதால் 'கவர்ன்மெண்ட் ஸ்கூல்தான்' என்று நினைத்துக்கொள்கிறோம். உதவி பெறும் பள்ளியிலும் சிறுபான்மையினர் பள்ளியிலும் மேலாண்மைக் குழு ஆலோசனை மட்டுமே சொல்லலாம் என்று 2012 திருத்தம் சொல்கிறது. அங்கே தீர்மானம் போட்டு நிர்வாகத்தைக் கட்டுப்படுத்த முடியாது. அதற்காகப் பேசாமல் இருந்துவிடவும் வேண்டாம். ஆலோசனையை எழுத்தில் கொடுத்து, நகலைக் கல்வி அலுவலருக்கு அனுப்பிவிடுங்கள். அரசு உதவி இல்லாத மெட்ரிக், சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்கு இந்தச் சட்டப்படியான குழு கிடையாது. அங்கே ஆண்டுக் கணக்கில் அலையாதீர்கள்.

அடுத்தது, குழுவில் யார் சேரலாம் என்பது. படிப்புத் தகுதி தேவையில்லை. 'கையெழுத்து மட்டும்தானே தெரியும், உங்களுக்கு எதுக்கு' என்று ஓர் அம்மாவை ஒதுக்குவதற்குச் சட்டத்தில் இடமில்லை. அப்பா வளைகுடாவில், அல்லது தூத்தூர், வள்ளவிளைப் பக்கம் ஆழ்கடலுக்குப் போய் வாரக்கணக்கில் கரை திரும்பாதவர் என்றால், அம்மா வரலாம். இருவருமே ஊரில் இல்லாமல் பாட்டிதான் பிள்ளையை வளர்க்கிறார் என்றால் பாதுகாவலராகப் பாட்டி வரலாம். பிள்ளை அந்தப் பள்ளியில் படித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். ஐந்தாம் வகுப்போடு முடிகிற பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோராகப் பார்த்துப் போட்டால், அடுத்த ஜூனில் பாதி நாற்காலி காலி. பதவிக்காலம் இரண்டு ஆண்டு என்பதால், தொடக்கப் பள்ளியில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை உள்ளவர்களை முன்னிறுத்துங்கள்.

உறுப்பினர் தேர்வு நடக்கும் நாளில் கவனமாக இருங்கள். முந்தின நாளே பட்டியல் தயாராகி, கூட்டத்தில் வாசித்து, கைதட்டி முடிந்துவிடும் பள்ளிகள் உண்டு. பட்டியல் வாசிக்கத் தொடங்கும் முன்பே எழுந்து பெயர் சொல்ல வேண்டும். நீங்களே உங்கள் பெயரைச் சொல்வதைவிட, ஒருவர் முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிய ஏற்பாடு செய்துகொண்டு போங்கள். பட்டியலினத்தவர், பழங்குடியினர், நலிந்த பிரிவினர் ஆகியோரின் பிள்ளைகள் பள்ளியில் எத்தனை பேரோ, அந்த விகிதத்தில் பெற்றோரும் குழுவில் இருக்க வேண்டும். பேச்சிப்பாறை மலைப்பக்கம் காணிப் பழங்குடிக் குடியிருப்புப் பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் ஒரு காணிப் பெற்றோர்கூட இல்லை என்றால், அங்கேயே கேட்டுப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

செல்போன் எண்ணில் ஒரு சிக்கல் இருக்கிறது. குழுவுக்கான பெற்றோர் செயலி, பள்ளியின் எமிஸ் (கல்வித்துறையின் இணையவழி மாணவர் விவரப் பதிவேடு) பதிவில் உங்கள் பிள்ளையின் பெயரோடு இருக்கிற எண்ணுக்குத்தான் ஓ.டி.பி. அனுப்பும். சேர்க்கையின்போது கொடுத்த எண் மாமாவுடையதாக இருக்கும், அல்லது எப்போதோ தொலைந்த சிம்மாக இருக்கும். அப்புறம் 'ஆப் வேலை செய்யல' என்று எல்லாரும் கைவிரிப்பார்கள். வகுப்பு ஆசிரியரிடம் போய் எமிஸில் என்ன எண் இருக்கிறது என்று வாசிக்கச் சொல்லிக் கேட்டு, அங்கேயே மாற்றச் சொல்லுங்கள்.

கூட்டம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பிற்பகலில் வைக்கிறார்கள். ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்களுக்கு அந்த நேரம் ஒத்துவரும். அண்டி ஆபீசில் (முந்திரி ஆலையில்) வேலை செய்கிற அம்மாவுக்கு அரை நாள் கூலி போகும். அவர் வராத கூட்டத்துக்கும் அவர் ஒப்பு நோட்டில் இருக்கும். எப்படி? மறுவாரம் பிள்ளையிடம் கொடுத்தனுப்பி வாங்கியிருப்பார்கள். வராத கூட்டத்துக்கு ஒப்புப் போடாதீர்கள். வெற்றுத் தாளிலும், தொகை எழுதாத வவுச்சரிலும், காசோலையிலும் எந்த நிலையிலும் போடாதீர்கள், குறிப்பாகத் தலைவராக இருக்கும் அம்மாக்கள். பின்னால் தணிக்கை வந்தால் கேள்வி ஒப்புப் போட்டவரிடம்தான் வரும். தற்காலிக ஆசிரியர் நியமனம் குழு வழியாக வந்தால் இன்னும் விழிப்பாக இருங்கள். 2022இல் இடைநிலை, பட்டதாரி, முதுநிலை ஆசிரியர்களுக்கு முறையே மாதம் 7,500, 10,000, 12,000 ரூபாய் என்று தொடங்கிய தொகுப்பூதியம் பின்னர் 12,000, 15,000, 18,000 ஆனது. யார் விண்ணப்பித்தார்கள், யாரை ஏன் எடுத்தார்கள் என்று நோட்டில் எழுதாமல் நகர விடாதீர்கள்.

மானியம் எவ்வளவு என்று கேட்டால் முகம் சுளிப்பார்கள். கேளுங்கள், அது உங்கள் வேலை. சமக்ர சிக்ஷா என்ற ஒன்றிய அரசின் பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஆண்டுப் பள்ளி மானியத்தின் அளவு: மாணவர் 30 வரை 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். இதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைக்குப் போக வேண்டும். 'நிதியே வரல' என்ற பதில் சில நேரம் உண்மையும்கூட. 2024-25இல் ஒன்றிய அரசு தமிழ்நாட்டுக்கான தொகையை நிறுத்தி வைத்திருந்தது. ஆனால் எந்த ஆண்டு, எவ்வளவு வரவில்லை என்று எழுதிக் கேட்டால், சாக்கு எது, உண்மை எது என்று தெரிந்துவிடும்.

தீர்மானம் எழுதுவதில்தான் பெரும்பாலான குழுக்கள் தோற்றுப்போகின்றன. 'பள்ளியில் கழிப்பறை வசதியை மேம்படுத்த வேண்டும்' என்று எழுதினால் யாருக்கும் வேலை இல்லை. இப்படி எழுதுங்கள்: 'மாணவிகள் கழிப்பறையில் இரண்டாவது, மூன்றாவது அறைகளின் கதவில் தாழ்ப்பாள் இல்லை. மேல்தொட்டியிலிருந்து குழாயில் தண்ணீர் வருவதில்லை. இன்ன அலுவலகம் இந்தத் தேதிக்குள் சரிசெய்து தர வேண்டும்.' அலுவலகத்தின் பெயர் இல்லாத தீர்மானம் முகவரி இல்லாத கடிதம் மாதிரி. கட்டடம் ஊராட்சி ஒன்றியத்துடையது என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர், அரசு மேல்நிலைப் பள்ளி என்றால் பொதுப்பணித் துறை. யார் பொறுப்பில் இருக்கிறது என்று ஹெச்.எம்.மிடம் கேட்டு முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளாவிட்டால், கல்வி அலுவலகம் ஒன்றியத்தைக் காட்டும், ஒன்றியம் கல்வி அலுவலகத்தைக் காட்டும்.

ஒழுகும் கூரைக்கு மழைக்காலத்திலேயே தேதியோடு படம் எடுத்து வையுங்கள். நமக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. என்ஜினீயர் வருவது பிப்ரவரியில். காய்ந்த சுவரைப் பார்த்து 'பழுதில்லை' என்று எழுதிவிட்டுப் போவார்.

அடுத்து கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் குழுவின் தீர்மானத்தை அங்கே வைக்கலாம். ஆனால் குமரியில் பாதி ஊர் பேரூராட்சி. பேரூராட்சியில் கிராம சபை கிடையாது. 'கிராம சபையில சொல்லுங்க' என்று யாராவது அனுப்பினால், உங்கள் ஊர் எது என்று பார்த்துவிட்டுப் போங்கள். பேரூராட்சி என்றால் செயல் அலுவலரிடம் மனு.

பணம் பற்றி ஒன்று. பிள்ளையைச் சேர்க்கும்போது நன்கொடை வாங்குவதைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு தடுக்கிறது. விருப்பப்பட்டுக் கொடுத்தாலும் வரிசை எண் உள்ள ரசீது வாங்குங்கள். பெரிய தொகை என்றால் அரசின் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' இணையதளம் வழியாகப் போகட்டும். கையில் கொடுத்த பணத்துக்குப் பின்னால் கணக்குக் கேட்க முடியாது.

பணமும் நேரமும் இல்லாதவர்கள் சாப்பாட்டைப் பார்க்கலாம். காலை உணவும் சத்துணவும் பரிமாறுமுன் ருசி பார்க்க முறை வைத்துப் பெற்றோர் போகலாம். உப்பு சரி, பருப்பு தண்ணியாக இருக்கிறது என்று வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். பதிவேட்டில் எழுதிவிட்டு வாருங்கள்.

இவ்வளவுக்கும் நகரவில்லை என்றால் வட்டாரக் கல்வி அலுவலர், பிறகு மாவட்டக் கல்வி அலுவலர். அங்கேயும் 'பார்க்கிறோம்' என்றால் திங்கட்கிழமை நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ் மக்கள் குறைதீர்க்கும் நாள். தீர்மான நகல், படம், ஏற்கெனவே கொடுத்த மனுவின் ரசீது மூன்றையும் இணைத்துக் கொடுத்து, மனு எண் வாங்காமல் வெளியே வராதீர்கள். ஹெச்.எம். தீர்மான நகல் தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய மனு போதும், முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். எந்த மாதக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு வேண்டும் என்று மாதமும் ஆண்டும் எழுதுங்கள். 'அனைத்து ஆவணங்களும்' என்று எழுதினால் அதையே காரணம் காட்டித் திருப்பி அனுப்புவார்கள்.