ஏரி பச்சையாக இருந்தால் மாட்டுக்குக் காட்டலாமா?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கால்நடை மருத்துவம் பார்க்கும் என்னிடம் கோடைதோறும் கேட்கப்படும் கேள்வி இது: "ஏரித் தண்ணி பச்சையா இருக்குதுங்க சார், மாட்டுக்குக் காட்டலாமா?"

நிறத்தை வைத்து மட்டும் விடை சொல்ல இயலாது. அந்தப் பச்சையில் பச்சைப் பாசி, டயாட்டம் (சிலிக்கா ஓடுள்ள நுண்பாசி), நீலப்பச்சைப் பாசி எனப் பல இனங்கள் கலந்திருக்கும். நன்னீரில் மாட்டைக் கொல்லும் நஞ்சு பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசியிலிருந்தே வருகிறது, அதிலும் எல்லாமே நஞ்சு சுரப்பதில்லை. எது மேலோங்கும் என்பதை வெயிலும் சத்தும் மட்டுமன்றி, உடன் வளரும் இனங்களும் தீர்மானிக்கின்றன.

பெங்களூருக் கழிவுநீரைச் சுமந்து தென்பெண்ணை வந்து சேரும் ஓசூர் கெலவரப்பள்ளி அணை போன்ற இடங்களில் பாஸ்பரஸுக்குப் பஞ்சமில்லை. அத்தகைய நீரில் நைட்ரஜன் குறையும்போது அனபீனா என்ற நீலப்பச்சைப் பாசி காற்றின் நைட்ரஜனையே பிடித்துக்கொள்கிறது. அதிலிருந்து கசிவதும், அது அழியும்போது வெளிவருவதும், அவ்வாறு பிடிக்க இயலாத மைக்ரோசிஸ்டிஸ் என்ற மற்றொரு நீலப்பச்சைப் பாசிக்குத் தீனியாகின்றன. மைக்ரோசிஸ்டிஸோ தன் செல்லுக்குள் இருக்கும் காற்றறைகளால் மிதந்து, மேலே படலமாகப் படர்ந்து, கீழே உள்ளவற்றுக்கு வெயிலை மறைத்துவிடுகிறது. பகலில் அது கரியமில வாயுவை உறிஞ்சித் தீர்ப்பதால் நீரின் காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 9-ஐத் தாண்ட, டயாட்டங்களும் பல பச்சைப் பாசிகளும் பின்தங்குகின்றன. பற்றாததற்கு, அடுத்த இனத்தின் வளர்ச்சியைத் தடுக்கும் வேதிப்பொருள்களைச் சில பாசிகள் நீரில் விடுகின்றன. ஆய்வகக் குடுவையில் தெளிவாகத் தெரியும் இந்த விளைவையே ஏரியில் நடக்கும் எல்லாவற்றுக்கும் காரணமாகச் சொல்வதை நான் ஏற்பதில்லை. அங்கே நிழலும் சத்துப் போட்டியும் சேர்ந்தே இயங்குகின்றன.

கையுறை அணிந்து, கண்ணாடிப் பாட்டிலில் முக்கால் பங்கு நீர் மொண்டு, இரவு முழுவதும் அசைக்காமல் வையுங்கள். காலையில் பச்சை மேலே ஆடையாகத் திரண்டிருந்தால் நீலப்பச்சைப் பாசி எனச் சந்தேகித்து, கால்நடைகளுக்கு வேறு தண்ணீர் காட்டுங்கள். அடியில் படிந்திருந்தால் பெரும்பாலும் பிற இனமே, எனினும் நஞ்சில்லை என்பதற்கு அது சான்றாகாது. காற்றடித்துப் படலம் ஒதுங்கும் கரையில் நஞ்சு செறிந்திருக்கும் என்பதால், ஆடு மாடுகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

சிலர் பாசியை அழிக்க மயில் துத்தத்தை (காப்பர் சல்பேட்) கரைத்து ஊற்றுகிறார்கள். பச்சை மறையும்; ஆனால் செல்கள் உடைந்து, உள்ளிருந்த மைக்ரோசிஸ்டின் நஞ்சு நீரில் கலந்து, சில வாரங்கள்கூடத் தங்கலாம். கொதிக்க வைத்தாலும் அது போகாது. அடியில் பாஸ்பரஸ் அப்படியே இருப்பதால், காலியான இடத்தை அடுத்த இனம் பிடித்துக்கொள்ளும்.