சத்தியமா, உறுதிமொழியா?

எங்கள் ஓய்வுநாள் பள்ளியில் ஒரு பென்சில் காணாமல் போனால் போதும், "வேதப்புத்தகத்து மேல கை வெச்சுச் சத்தியம் பண்ணு!" என்று பின்வரிசையிலிருந்து குரல் கிளம்பும். டீச்சர் புத்தகத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்வார். "எடுத்தியா, எடுக்கலையா? அத மட்டும் சொல்லு." அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பது, இந்தச் சொற்களைத் தேடிப் போனபிறகுதான் எனக்கு விளங்கியது.

'சத்' என்றால் இருப்பது. அதிலிருந்து வந்த வடசொல் சத்தியம், முதற்பொருள் உண்மை. தமிழ்ச் சொல்லான 'உண்மை'யும் இதே வழியில் பிறந்ததுதான்: உள் + மை, உள்ளதாயிருக்கும் தன்மை. பேச்சு வழக்கிலோ சத்தியம் என்பது தலையிலடித்தும் கற்பூரம் ஏற்றியும் செய்யும் ஒரு செயலாகச் சுருங்கிவிட்டது. 'சத்தியம் பண்ணு' என்பதைச் சொல்லுக்குச் சொல் பிரித்தால் 'உண்மையைச் செய்' என்றாகும். உள்ளதை எப்படிச் செய்வது? சொல்லத்தான் முடியும்.

இந்தச் செயலுக்குப் பழந்தமிழ்ச் சொல் 'சூள்'. தலைவன் தலைவியின் முன்கையைப் பற்றிச் சூரரமகளிர் என்னும் அச்சந்தரும் தெய்வப் பெண்கள் மேல் சூளுற்றதைக் குறுந்தொகையின் 53ஆம் பாட்டு சொல்கிறது; அந்தச் சூளே தங்களை வருத்துகிறது என்கிறாள் தோழி. போர்க்களத்துச் சூளுக்கு 'வஞ்சினம்' என்று பெயர். பகைவரை வெல்லாவிட்டால் மாங்குடி மருதன் முதலான புலவர்கள் என் நாட்டைப் பாடாது போகட்டும் என்கிறான் பாண்டியன் நெடுஞ்செழியன் (புறநானூறு 72). சூளின் உள்ளமைப்பு இங்கே வெளிப்படையாகத் தெரிகிறது: சொன்னது பொய்த்தால் எனக்குக் கேடு வரட்டும் என்று தன்னைத்தானே சபித்துக்கொள்வது. பேதுரு இயேசுவை மறுதலித்த இடத்தையும் பாருங்கள். "சபிக்கவும் சத்தியம்பண்ணவும் தொடங்கினான்" என்று இரண்டும் சேர்ந்தே வருகின்றன. அங்கே அவன் சத்தியம் பண்ணியது ஒரு பொய்க்காக. உடனே சேவல் கூவியது.

மலைப்பிரசங்கத்தில் இயேசு சொன்னது, "பரிச்சேதம் சத்தியம்பண்ணவேண்டாம்" (மத்தேயு 5:34). 'பரிச்சேதம்' என்றால் அறவே. வானத்தின் பேரிலும் வேண்டாம், பூமியின் பேரிலும் வேண்டாம், உன் தலையின் பேரிலும் வேண்டாம். ஒரு மயிரை வெண்மையாக்கவோ கறுப்பாக்கவோ உன்னால் ஆகாதே என்கிறார். அடுத்து வரும் வசனத்தில்தான் மொழிபெயர்ப்பாளரின் கைவண்ணம். கிரேக்கத்தில் இருப்பது 'ஆம், ஆம். இல்லை, இல்லை' என்ற அளவே. பழைய தமிழ் வேதாகமம் அதை "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்" என்று ஆக்கியது. 'உண்மை'யின் வேரான 'உள்' அப்படியே வாக்கியத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. பிறகு வந்த திருவிவிலியம் 'ஆம்', 'இல்லை' என்றே வைத்திருக்கிறது. அது மூலத்துக்கு நெருக்கம். ஆனாலும் என் மனம் பழையதிலேயே நிற்கிறது.

ஆணையிடலாம் என்போரிடமும் வேத ஆதாரம் உண்டு. தேவன் தம்மிலும் பெரியவர் இல்லாததால் தமது நாமத்தினாலேயே ஆணையிட்டார் என்கிறது எபிரெயர் நிருபம். விசாரணையில், நீ கிறிஸ்துவா என்று தேவன்பேரில் ஆணையிட்டுப் பிரதான ஆசாரியன் கேட்டபோது இயேசு பதில் சொன்னார். ஆங்கிலிக்கன் சபையின் (இங்கிலாந்துத் திருச்சபை) 39 விதிகளில் கடைசி விதி, நீதிபதி கேட்டால் கிறிஸ்தவன் ஆணையிடலாம் என்கிறது. எனினும் பதில் சொன்ன இயேசு, தம் பங்குக்கு எதன்மேலும் ஆணையிடவில்லை. "நீர் சொன்னபடிதான்" என்றதோடு சரி.

ஆணையிடவே மாட்டோம் என்று சிறை சென்றவர்கள் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். 1664இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் நீதிமன்றத்தில் அவர்களின் முன்னோடி ஜார்ஜ் ஃபாக்ஸ் கையில் வேதாகமத்தைக் கொடுத்து ஆணையிடச் சொன்னார்கள். இந்தப் புத்தகமே சத்தியம் பண்ணாதே என்கிறது, அப்படியானால் புத்தகத்தையும் ஏன் சிறையில் போடவில்லை என்று கேட்டார் அவர். ஆணைக்குப் பதிலாக உறுதி கூறினால் போதும் என்று குவேக்கர்களுக்கு ஆங்கிலேயச் சட்டம் இடம் கொடுத்தது 1696இல். நம் அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணையில் கடவுள் பெயரால் ஆணை, உளமார உறுதி என இரண்டு வழியும் இருக்கின்றன. 1969ஆம் ஆண்டின் ஆணைமொழிச் சட்டப்படி, கூண்டில் ஏறும் சாட்சி ஆணையிட மனமில்லை என்றால் உறுதி கூறலாம். பொய் சொன்னால் தண்டனை இருவருக்கும் ஒன்றுதான்.

தமிழில் குழப்பம் எங்கே என்றால், இரண்டையும் 'உறுதிமொழி' என்றே எழுதிவிடுகிறோம். 'பிரமாணம்' இன்னும் சிக்கல்: அளவு, சான்று, சட்டம் (நியாயப்பிரமாணம்), ஆணை எல்லாம் அதற்குள் அடக்கம். கடவுளையோ வேறொன்றையோ சாட்சிக்கு இழுத்தால் அது ஆணை, அல்லது சூளுரை. தன் சொல்லை மட்டும் முன்வைத்தால் உறுதிமொழி. கடவுளுக்கே நேர்ந்துகொள்வது பொருத்தனை, அது வேறு. இப்படிப் பிரித்தால், வேதம் விலக்கியது எது என்பதும் தமிழிலேயே தெளிவாகிவிடும்.

இன்னொன்று: 'உளமார' என்பதில் இடையின ரகரம், ஆர்தல் என்றால் நிறைதல். 'உளமாற' என்று வல்லின றகரம் போட்டால் உள்ளம் மாறும்படி என்று பொருளாகிவிடும். பதவியேற்புச் செய்திகளில் இந்தப் பிழை அடிக்கடி கண்ணில் படுகிறது.