வெடிக்கும் பனிக்குமிழிகள்

1965. அண்டார்டிகாவின் அடேலி லேண்ட் கரை. பனியைத் துளையிடும் வேலை முடிந்த ஒரு மாலை, பிரெஞ்சு ஆய்வாளர் குளோட் லோரியஸும் கூட்டாளிகளும் விஸ்கிக்கு ஐஸ் தேடினார்கள். ஆழத்திலிருந்து எடுத்த பழைய பனித் துண்டுகள்தான் பக்கத்தில் கிடந்தன. அதையே கிளாஸில் போட்டார்கள். பனி கரையக் கரைய, உள்ளிருந்த குமிழிகள் வெடித்து வெளியே வந்தன. இது அந்தப் பனி உறைந்த காலத்துக் காற்றாயிற்றே, இதை அளந்தால் என்ன என்று லோரியஸுக்குத் தோன்றியது. அண்டார்டிகாவிலுள்ள சோவியத் ஆய்வு நிலையமான வோஸ்டாக்கில் துளையிட்டு எடுத்த நீண்ட பனித்தண்டை வைத்து அவரது குழு 1987-இல் வெளியிட்ட முடிவுகளில், கார்பன் டை ஆக்சைடும் வெப்பநிலையும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்தே ஏறி இறங்கியிருப்பது தெரிந்தது. குடிக்க உட்கார்ந்த இடத்தில் பிறந்த யோசனைகளில் இவ்வளவு தூரம் போனது வேறு இருக்குமா, சந்தேகம்தான்.

சரி, காற்று எப்படிப் பனிக்குள் போய் மாட்டிக்கொள்கிறது? புதிதாக விழும் பனியில் பெரும்பகுதி காற்றுதான். துருவத்தின் உட்பகுதியில் கோடையிலும் அது உருகுவதில்லை. அடுத்த ஆண்டுப் பனி அதன்மேல் விழுகிறது, அதற்கடுத்த ஆண்டுப் பனி அதன்மேல். பாரம் ஏற ஏற, துகள்கள் ஒட்டி இறுகுகின்றன. சுமார் 50 முதல் 100 மீட்டர் ஆழம் வரை துகள்களுக்கிடையே வழி இருக்கிறது, மேற்பரப்புக் காற்று வந்துபோகும். அதற்குக் கீழே வழி அடைபட்டுவிடும். அதனால்தான் குமிழியிலுள்ள காற்று, அதைச் சூழ்ந்திருக்கும் பனியைவிட வயதில் இளையது. அப்புறமும் மேலிருந்து நசுக்கல் ஓய்வதில்லை. சில குமிழிகளில் அழுத்தம் நாம் சுவாசிக்கும் காற்றைப்போல் 20 மடங்கு வரை போகும். இப்படி இறுகிய பனி, பனியாறாக மெல்ல நகர்ந்து கடலைத் தொடும்போது, தண்ணீர் பனியின் சுவரை அரித்துக்கொண்டே வருகிறது. சுவர் மெலிந்த கணத்தில் காற்று வெடித்துக்கொண்டு வெளியேறுகிறது. தாளிக்கும்போது கடுகு பொரிகிற மாதிரி ஒரு சத்தம், ஆனால் நிற்காமல்.

இந்தச் சத்தத்தை ஊருக்குக் கேட்கவைத்தவர்கள் கலைஞர்கள். 2007-இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கேட்டி பேட்டர்சன், ஐஸ்லாந்தின் வாட்னயோகுல் பனியாற்றிலிருந்து துண்டுகள் உடைந்து விழும் யோகுல்சார்லோன் ஏரியில், தண்ணீருக்கடியில் கேட்கும் மைக் ஒன்றை இறக்கி, அதை ஒரு தொலைபேசி எண்ணோடு இணைத்தார். காட்சிக்கூடத்தில் இருந்தது நியான் விளக்கில் எழுதிய அந்த எண் மட்டும்தான். அப்போது யார் வேண்டுமானாலும் அழைக்க முடிந்தது. மறுமுனையில் பனியாறு உருகிக்கொண்டிருந்தது.

ஓலஃபர் எலியாசனும் மினிக் ரோசிங்கும் பனியையே நகரத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். எலியாசன் கலைஞர். ரோசிங் கிரீன்லாந்தில் பிறந்த நிலவியலாளர். பூமியின் மிகப் பழைய பாறைகளில் உயிரின் தடயம் தேடியவர். 2015 டிசம்பரில் பாரிஸில் காலநிலை மாநாடு நடந்துகொண்டிருந்தபோது, பாந்தியோன் சதுக்கத்தில் 12 பனிப்பாளங்களைக் கடிகார முகம்போல் வட்டமாக வைத்தார்கள். ஏற்கெனவே பனியாற்றிலிருந்து உடைந்து, கிரீன்லாந்தில் நூக் நகரத்தை ஒட்டிய கடற்கழியில் மிதந்த துண்டுகள் அவை. வந்தவர்கள் தொட்டார்கள், கட்டிப்பிடித்தார்கள், காதை வைத்துக் கேட்டார்கள். இதற்காகக் கப்பலும் லாரியும் புகை விட்டதே என்று கேட்டால், நியாயமான கேள்விதான். அந்தக் கணக்கை, சுமார் 30 டன் கார்பன் டை ஆக்சைடு என்று, அவர்களே போட்டு வெளியிட்டார்கள். விஞ்ஞானி வரைபடம் தருவதும் கலைஞர் அதற்கு வண்ணம் பூசுவதுமாக முடிகிற கூட்டணிகள் எனக்கு அலுத்துவிட்டன. இங்கே இருவர் காதிலும் விழுந்தது ஒரே குமிழியின் சத்தம்.

அதே சத்தத்தை இப்போது விஞ்ஞானிகளும் அளக்கிறார்கள். எரின் பெட்டிட்டும் அவரது குழுவும் அலாஸ்கா, அண்டார்டிகா கழிகளில் மைக் இறக்கிக் கேட்டதில், பனியாறு வந்து சேரும் கழிகள் கடலிலேயே மிக இரைச்சலான இடங்களில் சேரும் என்று 2015-இல் தெரியவந்தது. வேட்டையாடும் ஓர்கா திமிங்கலங்களின் காதிலிருந்து தப்ப சீல்கள் இங்கே ஒதுங்குகின்றனவோ என்றும் அவர்கள் யோசித்தார்கள். சத்தம் எவ்வளவு கூடுகிறதோ, உருகலும் அவ்வளவு கூடியிருக்க வேண்டும் என்று கணக்கிட முயற்சி நடக்கிறது. ஆனால் அது அவ்வளவு எளிதில்லை. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் நீரின் அழுத்தம் ஒரு வளிமண்டலம் கூடுகிறது. குமிழியின் அழுத்தத்துக்கு நீரின் அழுத்தம் ஈடாகிவிடும் ஆழத்தில் வெடிப்பே இல்லை. அடியில் பனி எவ்வளவு வேகமாகக் கரைந்தாலும் மைக்குக்குத் தெரியாது. அங்கே ஒலியை அனுப்பி எதிரொலியை அளக்கும் சோனார்தான் கைகொடுக்கிறது.

குமிழி வெறும் சாட்சியும் இல்லை. பெட்டிட்டும் மேகன் வெங்ரோவும் ஜோனதன் நாஷும் ஆய்வகத்தில் குமிழியுள்ள பனியாற்றுப் பனியையும் குமிழியில்லாத பனியையும் கடல்நீரில் உருகவிட்டுப் பார்த்தார்கள். 2023-இல் வெளிவந்த முடிவு: குமிழியுள்ள பனி 2.25 மடங்கு வேகமாக உருகியது. பனியின் முகத்தை ஒட்டி உருகிய குளிர்நீர் ஒரு மெல்லிய படலமாக நின்று, வெதுவெதுப்பான கடல்நீரைத் தள்ளிவைக்கிறது. வெடித்து மேலே ஏறும் குமிழிகள் அந்தப் படலத்தைக் கலக்கிவிட, கடல்நீர் பனியோடு நேராக மோதுகிறது. கிரீன்லாந்துப் பனி கரைவதைக் கணிக்கும் மாதிரிகள் பனியைக் குமிழியில்லாத கட்டியாகவே அதுவரை எடுத்துக்கொண்டிருந்தன.